ஏழு கிலோ

"உண்மையைச் சொல்லுங்கம்மா. ஐயா வலியில துடிக்கிறாரேன்னு கல்லைத் தூக்கிப் பிடிச்சீங்களா?"

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். கட்டிலருகே நின்ற மனைவிக்கு முகம் சுண்டிப்போனது.

"சத்தியமா நான் தொடவே இல்ல டாக்டர்."

கட்டிலில் கிடந்தவருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷனை அவருடைய இதயம் தாங்காது. அதனால் காலில் கம்பி கோத்து, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஐந்தும் இரண்டுமாக ஏழு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஏழு கிலோ இழுத்தால் எலும்பு தானாக நேருக்கு வந்துவிடும் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார். பத்து நாளாகியும் அது அசைந்து கொடுக்கவில்லை.

"இந்த வாரமும் நேராகலேன்னா கோணலாவே சேர்ந்துடும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டல்தான்."

நோயாளியின் கோபம் வழக்கம்போல மனைவி மேல் பாய்ந்தது.

"இவதான் டாக்டர். நான் கண்ணசந்த நேரத்துல தூக்கியிருப்பா. எடையோட அருமை இவளுக்கு என்ன தெரியும்? முப்பது வருஷம் கடைக்காரங்க எடைக்கல்லுக்கு அரசாங்க முத்திரை குத்தின கை இது. வீட்டுல உக்காந்தே ஒரு நாளைக்கு முந்நூறு கல்லுக்குக் குத்தியிருக்கேன். இவளே பார்த்திருக்கா."

பத்து நாளாக முதுகு துடைத்து, வேளாவேளைக்கு ஊட்டிவிட்டவளுக்குக் கண் கலங்கியது.

நர்ஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை. டாக்டரைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கற்களைக் குழந்தைகள் வார்டு எடை மெஷினுக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தபோது புருவம் ஏறியிருந்தது.

"ரெண்டும் சேர்ந்தே நாலரைதான் டாக்டர். அடியில குடைஞ்சு, மேல ஈயத்தால மூடியிருக்காங்க. கடைத்தெருவுல வாங்கின கல்லு."

காலை அசைக்க முடிந்திருந்தால் நோயாளி எழுந்தே நின்றிருப்பார்.

"கள்ளக் கல்லா? நிறுத்துப் பார்க்காம இதுக்கு முத்திரை குத்தினவனைச் சும்மா விடமாட்டேன். எத்தனை பேர் காலு போச்சோ. ஈயத்துல அவன் நம்பர் இருக்கும், படிம்மா."

நர்ஸ் கல்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இருநூத்திப் பதினாலு."

மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய போர்வையைச் சரிசெய்தாள்.

"அது உங்க நம்பர்தாங்க."