கட்டைவிரல் மை

பள்ளியில் தட்டம்மை ஊசி போட்ட அன்று சுகந்தி மகனை அனுப்பவில்லை. வாட்ஸப்பில் யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். விடுபட்ட பிள்ளைகளைத் தேடி நர்ஸ் தெருவுக்குள் வருவது தெரிந்ததும், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வைக்கும் மையைப் போலவே மார்க்கர் பேனாவால் அவன் இடது கட்டைவிரல் நகத்தில் தீட்டிவிட்டாள். நர்ஸும் விரலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் பையன் கண் சிவந்து இருமிக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டுக் கோமதி கைக்குழந்தையோடு வந்தவள், இருமலைக் கேட்டு வாசலிலேயே நின்றாள். பின்தெருவில் அம்மை பரவியிருந்தது. அவன் விரலைப் பார்த்ததும்தான் அவள் முகம் தெளிந்தது.

"தம்பி ஊசி போட்டுக்கிச்சா! அப்ப இது வெறும் சளிதான்க்கா. இவளுக்கு இன்னும் ஊசி போடுற வயசாகல. சுத்தியிருக்கிற பிள்ளைங்க போட்டுக்கிட்டாத்தான் இவளுக்குக் காவல்னு நர்சம்மா சொன்னாங்க." சொல்லிக்கொண்டே குழந்தையை அவன் மடியில் கிடத்தினாள்.

குழந்தையைத் தூக்க நீண்ட சுகந்தியின் கை, உண்மை தெருவுக்கே தெரிந்துபோகுமே என்று பின்வாங்கியது. குழந்தை அந்தக் கட்டைவிரலை இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. மகன் அம்மாவையே பார்த்தான்.

கோமதி சிரித்தாள். "ஏன்க்கா, அந்த மை பிள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?"