அங்கமுத்துவின் மண்

மகள் செவ்வந்தி அக்கரைப் பையனைக் கட்டிக்கொண்டபோது, "அவ மண்ணை மிதிக்கமாட்டேன்" என்று சத்தியம் செய்தார் அங்கமுத்து. கொள்ளிடம் அப்படி எந்தச் சத்தியமும் செய்யவில்லை. வெள்ளத்துக்கு வெள்ளம் வளைவில் அவர் தோட்டத்தை அரித்து, எதிர்க்கரையில் அவள் வாசலில் கொண்டுபோய்க் கொட்டியது.

மணல் பொடிக்குக்கூடப் பட்டா வந்துவிட்ட காலம். மண் எங்கே ஒதுங்கினாலும் பழைய சொந்தக்காரருக்கே சொந்தம். தன் மண் ஒதுங்கியதாகக் கைபேசி காட்டிய இடத்துக்குப் படகேறிப் போய், தன் மணல்மேட்டில் நின்றார் அங்கமுத்து.

"என் மண்ணைப் பாக்க வந்தேன்."

"உள்ள வாங்கப்பா."

"சத்தியம் இருக்குல்ல."

செவ்வந்தி அந்த மணலையே கூடையில் அள்ளி, வாசற்படியிலிருந்து கூடம்வரை தூவிக்கொண்டு போனாள்.

"இப்ப வாங்க. இலை போட்ட இடம் வரைக்கும் உங்க மண்ணுதான்."

சோறு நறநறத்தது. அங்கமுத்து மறுசோறு கேட்டார்.