இடுப்பளவுத் தண்ணி

“விடுங்கோடா. எனக்குக் காணும். நான் கரைக்குப் போறன்.”

“அச்சுவேலியிலை இருந்து லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை குலுங்கிக் குலுங்கி வந்தது கரையிலை குந்தவோ? ஏறடா.”

மணற்காட்டுக் கடற்கரையில் மீன் காயப் போட்டுக்கொண்டிருந்த செபஸ்தியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

இடுப்பளவுத் தண்ணீரில் மூன்று பேர். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். நடுவில் நீளமான ஒரு பலகை, அதில் நட்ட கம்பில் ஒரு பாய். பாய் கிழிந்த இடத்தில் உரப்பையை வெட்டித் தைத்திருந்தார்கள். பலகையில் ஏறி நின்று, பாயைக் கையால் பிடித்துக் காற்றோடு ஓடும் விளையாட்டாம்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மாசி மாதம். சண்டை நின்று, ஊர் ஆட்கள் பயமில்லாமல் கடற்கரைக்கு வரத் தொடங்கியிருந்த நேரம்.

“வாடை நல்லா அடிக்குது சீவரத்தினம். இப்ப ஏறினால் தானா ஓடும்” என்றான் பலகைக்காரன் புவனேந்திரன்.

சீவரத்தினம் உதடு நடுங்க நின்றான். மற்ற இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி அவனைப் பலகையில் வைத்தார்கள். அவன் நிமிரக்கூட இல்லை. அப்படியே சரிந்து தண்ணீருக்குள் விழுந்தான். எழும்பியபோது சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான்.

தவராசா சிரித்தான். “அழுறாரடா மாப்பிள்ளை. திருப்பி ஏத்து.”

செபஸ்தியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த மீனை ஓலைப்பாயில் போட்டுவிட்டு அலை அடிக்கும் விளிம்புக்கு வந்தாள்.

“தம்பிமார், அந்தப் பொடியன் பயப்படுறானெல்லே. ஏன் அவனைப் போட்டு வதைக்கிறியள்?”

“இது எங்கடை பகிடி அக்கா. நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ.”

“ஆள் நடுங்கிறது உனக்குப் பகிடியோ? இந்தக் கடலிலை ஆக்களைப் பறிகுடுத்த சனம் நாங்கள். கடல் உங்களுக்கு விளையாட்டுச் சாமானாப் போச்சு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் சீவரத்தினத்தைத் தூக்கினார்கள். மறுபடியும் அவன் விழுந்தான். இந்தமுறை அலை ஒன்று தலைக்கு மேலால் போனது. அவன் அலறிய அலறலில், வலை காய்ந்துகொண்டிருந்த பக்கம் நின்ற நாய்கூடக் குரைத்தது.

செபஸ்தியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சீவரத்தினத்தின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வா தம்பி. உன்னை ஆர் மறிக்கிறதெண்டு பாப்பம்.”

தவராசா பின்னால் வரப் பார்த்தான். “ஒரு அடி எடுத்து வைச்சால் ஊரைக் கூப்பிடுவன்” என்றாள். அவன் நின்றுவிட்டான்.

தன் ஓலைக் கொட்டிலுக்குள் அவனை இருத்தி, தலை துடைக்கத் துவாய் கொடுத்தாள். தேத்தண்ணி ஊற்றிப் பனங்கட்டியும் கொடுத்தாள். பல் கிட்டியதில் அவனால் குடிக்க முடியவில்லை.

“உவங்களும் கூட்டாளியளோ? உனக்கு வேறை ஆக்கள் கிடைக்கேல்லையோ? இதாலை பின்பக்கமாப் போனால் றோட்டு வரும். வீட்டை போ.”

“போகேலாது அக்கா.”

“ஏன், வெருட்டி வைச்சிருக்கிறாங்களோ?”

“இல்லை. நான்தான் கெஞ்சி அவங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நான் அழுதாலும் கத்தினாலும் விடவேண்டாமெண்டு சொன்னனான். இரக்கப்பட்டியளெண்டால் ஓடிப்போடுவன், பகிடி பண்ணுங்கோ எண்டும் சொன்னனான்.”

செபஸ்தியம்மா விளங்காமல் பார்த்தாள்.

“பள்ளிக்கூடக் காலத்திலை நான்தான் அக்கா உவங்களுக்கு இந்தப் பலகை ஓடப் பழக்கினது. கடலெண்டால் எனக்கு உயிர்.” அவன் கோப்பையைக் கீழே வைத்தான். “றோட்டுப் பூட்டிக் கிடந்ததாலை, மனுசியைப் பிள்ளைப்பேறுக்குக் கிளாலிக் கடலேரியாலை வவுனியாவுக்குத் தாய் வீட்டை கொண்டுபோய் விட்டிட்டுத் திரும்பி வரேக்கை, எங்கடை வள்ளத்துக்கு நேவிக்காரன்ரை சூடு விழுந்து கவிண்டு போச்சு. என்னோடை வந்த ஆக்களிலை கனபேர் கரை சேரேல்லை. அதுக்குப் பிறகு தண்ணியைக் கண்டால் கால் வராது. கிளாலித் துறைக்குப் போறதும் வள்ளத்தைப் பாத்திட்டுத் திரும்பி வாறதுமாக் கிடக்கிறன். அவளை அந்தத் தண்ணியிலை திரும்ப ஏத்தவும் மனம் வருதில்லை.”

“பிள்ளை?”

“பொம்பிளைப் பிள்ளை. நடக்கத் துடங்கிட்டாளாம். நான் இன்னும் முகம் பாக்கேல்லை. சண்டை நிண்டிருக்கேக்கை போகாட்டில் பிறகு எப்ப அக்கா?”

செபஸ்தியம்மா அவன் கையிலிருந்த துவாயைப் பறித்துக் கொடியில் போட்டாள்.

“எழும்பு.”

அவனை இழுத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போனாள். புவனேந்திரனும் தவராசாவும் பலகையோடு நின்று பார்த்தார்கள்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பலகையின்ரை அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ.”

சீவரத்தினத்துக்கு மறுபடியும் அழுகை வந்தது. “காணும் அக்கா, விடுங்கோ” என்று கெஞ்சினான்.

“அழுதுகொண்டே ஏறு, தம்பி” என்றாள் செபஸ்தியம்மா.