இரண்டு விரல் கீழே

முந்நூறு அடியில் ஓடுகிற முயலைச் சுடும் வீரணன், பத்தடியில் நின்ற காட்டுப்பன்றியைக் கோட்டைவிட்டான். துப்பாக்கி ஸ்கோப்பில் தெரிந்த சிலுவைக்கோடு அதன் நெற்றிப்பொட்டில்தான் நின்றது. ஆனால் ஸ்கோப் இருப்பது குழலுக்கு மேலே அல்லவா? இவ்வளவு கிட்டத்தில் குண்டு குறிக்கு இரண்டு விரல் கீழேதான் போகும். அவசரத்தில் அதை மறந்துவிட்டான். குண்டு பன்றியின் மூக்கைப் பிய்த்தது. வெறிபிடித்த பன்றி, பக்கத்தில் நின்ற அவன் அக்கா புருஷன் பவுன்ராசு மேல் பாய்ந்து, அவனைப் புளியமரத்தோடு சாய்த்துத் தொடையைக் கிழித்தது. அடுத்து வயிற்றுக்கு வந்தது.

“சுடுறா வீரணா! கொடலை உருவிப்புடும்டா!”

“அசையாதீக மச்சான்.”

பன்றியின் மண்டை பவுன்ராசுவின் வயிற்றை முட்டிக்கொண்டிருந்தது. மண்டையில் குண்டு இறங்க வேண்டுமானால் குறியை இரண்டு விரல் மேலே வைக்க வேண்டும். வைத்தான். அங்கே மச்சானின் சட்டைப் பொத்தான் இருந்தது. காக்கிச் சட்டையில் வெள்ளை நூல். காலையில்தான் அக்கா அதைத் தைத்தாள். இடது கையில் மாவுக்கட்டு போட்டிருந்ததால் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்தாள். கை என்னாயிற்று என்று கேட்டதற்கு, “கொல்லையில, கெணத்தடியில வழுக்கிருச்சுடா” என்றாள்.

“டேய், சுடுறா!”

வீரணன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒங்க கொல்லையில ஏது மச்சான் கெணறு?” என்று கேட்டான்.

குறியை இன்னும் இரண்டு விரல் உயர்த்தினான்.