ஜடாமுடி கட்சி

"பெல்ட் யார் கையில இருக்குதோ அவன்தான் பாய் கெலிச்சவன். இதுல இன்னா பேச்சு?" என்றார் கிறிஸ்துராஜ்.

"பெல்ட்டு கிடக்குது! அந்த ஜடாமுடி ஏணி உச்சியில இருந்து பறந்தானே, அதைப் பேசு தோஸ்த். மூணு பேரை ஒரே அடியா சாய்ச்சுட்டான்" என்றார் வாஹித் பாஷா.

வேலூர் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பூரில் அடுத்தடுத்த வீடு. கிறிஸ்துராஜுக்கு ஷூ கம்பெனி ஸ்டோரில் வேலை. வாஹித் பாஷாவுக்குத் தோல் மண்டியில். அறைக்குள்ளே எக்ஸ்ரே முடிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்து என்ன சொல்வாரோ என்று இருவருக்குமே கவலை. அதை வாய்விட்டுச் சொல்லப் பயந்துதான், முந்தின நாள் டி.வி.யில் பார்த்த ரெஸ்லிங் சண்டையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு பேர் மோதிய சண்டை அது. மேடைக்கு மேலே அந்தரத்தில் ஒரு பெல்ட் தொங்கும். ஏணி போட்டு ஏறி அதை எடுப்பவன் சாம்பியன். அவர்களுடைய இங்கிலீஷ் பெயர்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? ஜடாமுடி, மொட்டை, பூனைக்கண்ணன் என்று தெருவே ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தது. ஜடாமுடி பறந்து விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, அதுவரை ஓரமாக நின்றிருந்த பூனைக்கண்ணன் நிதானமாக ஏறிப்போய் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டான்.

"அதுக்குப் பேரு மூளை" என்றார் கிறிஸ்துராஜ்.

"அதுக்குப் பேரு திருட்டுத்தனம். அவனுக்குக் குடுக்கிறதுக்கு அந்த மொட்டைக்கே குடுத்திருக்கலாம். பாவம், ஏணியைத் தலையில மாட்டிக்கிட்டு எப்படிச் சுத்தினான்!"

கிறிஸ்துராஜுக்குச் சிரிப்பு வந்தது. கதவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எங்க வீட்டுதும் உன்னை மாதிரியே ஜடாமுடி கட்சி பாய். நேத்தெல்லாம் அதே பேச்சு. இன்னைக்கு சர்ச்சுல இருந்து வந்ததும், கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க வச்சிருந்த ஏணியைத் தூக்கிட்டுச்சு."

"எங்க வீட்டுது மட்டும் சும்மா இருந்துச்சா? 'எல்லாம் டூப்பு, கீழ கிடக்கிறவனுக்கு வலிக்கவே வலிக்காது'ன்னு சொல்லி, மெத்தையை இழுத்துப் போட்டு மல்லாந்து படுத்துக்கிச்சு. 'எங்கே, குதி பாக்கலாம்'னு சவால் வேற."

"நான் டீ குடிச்சுட்டு இருந்தேன். தொப்புன்னு ஒரு சத்தம். ஓடியாந்து பாத்தா..."

வாஹித் பாஷா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க வீட்டுதுக்குக் கொஞ்ச நேரம் மூச்சே வரல. எனக்கு உசிரு போய்ட்டு வந்துச்சு. அப்புறம் பாத்தா ரெண்டும் அழுதுகிட்டே சிரிக்குது. வேன்ல வர்ற வழியெல்லாம் சிரிப்பு!"

டூட்டி மாறி அப்போதுதான் வந்த நர்ஸ் ஃபீபி இவர்கள் பேச்சைக் கேட்டபடி அருகில் வந்தாள்.

"ஏணியில இருந்து குதிச்ச கேஸ் உங்களதா சார்? ரெஸ்லிங் பாத்துட்டா?"

இருவரும் குற்றவாளிகளைப் போலத் தலையாட்டினார்கள்.

"லீவு நாள்னா இதே பேஜாரா போச்சு. ரிமோட்டை அதுங்க கையில குடுத்துட்டு நீங்களும் கூட உக்காந்து பாப்பீங்க. முதல்ல அந்த டி.வி.யை நிப்பாட்டுங்க."

"நிப்பாட்டினா வீட்டுல சோறு இல்ல சிஸ்டர்" என்றார் வாஹித் பாஷா.

"சோத்துல அடம் புடிக்கிற அளவுக்கு விட்டு வச்சிருக்கீங்க. செல்லம் ஜாஸ்தி. ரெண்டு அதட்டு போட்டா எல்லாம் அடங்கிடும்."

"அதட்டுறதா? நாங்களா?"

கிறிஸ்துராஜ் வாஹித் பாஷாவைப் பார்த்தார். வாஹித் பாஷா சுவரைப் பார்த்தார்.

"சரி, வீட்டு அம்மாங்க யாரும் வரலையா?"

"வந்திருக்காங்க சிஸ்டர். உள்ளதான் இருக்காங்க" என்றார் கிறிஸ்துராஜ் அவசரமாக.

கதவு லேசாகத் திறந்தது. டாக்டர் தலையை மட்டும் நீட்டினார்.

"பயப்பட ஒண்ணும் இல்ல. குதிச்ச கேஸுக்கு மணிக்கட்டு எலும்புல லேசா விரிசல், கட்டுப் போட்டாச்சு. இன்னொரு கேஸுக்கு விலாவுல அடி, எலும்புக்கு ஒண்ணும் ஆகல. ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுக்கணும்."

கதவு மூடியது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று கிறிஸ்துராஜ் கண்களை மூடிக்கொண்டார். வாஹித் பாஷா இரண்டு கைகளையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டார். அடுத்த நிமிஷமே நண்பரின் தொடையில் ஒரு தட்டு தட்டினார்.

"நான் சொல்லல? வலிக்குது பாத்தியா! ஜடாமுடி நிஜமாத்தான் பறந்திருக்கான்."

"வலிச்சுது சரி, பெல்ட் கிடைச்சுதா?" என்ற கிறிஸ்துராஜின் முகம் சட்டென்று மாறியது. "ஒரு மாசம் ரெஸ்ட்டா? நாளைக்கு அரைப் பரீட்சை ஆரம்பம் சிஸ்டர். ஸ்கூலுக்குப் போயே ஆகணுமே."

ஃபீபிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"இதுக்கா கவலைப்படறீங்க? ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட நானே போன்ல பேசறேன். எந்த கிளாஸ்னு சொல்லுங்க."

"கிளாஸ் இல்ல சிஸ்டர்." கிறிஸ்துராஜ் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஹெட்மிஸ்ட்ரஸேதான் உள்ள இருக்காங்க. என் சம்சாரம் பொன்மலர். ஏணியில இருந்து பறந்தது அவங்கதான்."

"மெத்தையில படுத்திருந்தது எங்க பேகம் அஃப்ஸர் ஜஹான்" என்றார் வாஹித் பாஷா.