வலைக்குள்

கொல்லையில் டிராம்போலினின் கடைசி ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியபோது பொற்கொடியின் உள்ளங்கை கன்றிப்போயிருந்தது. ஒரு பக்கம் மாட்டினால் உடனே எதிர்ப்பக்கமும் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் கோணிக்கொள்ளும் என்று காலையிலிருந்து அதையே சுற்றிச் சுற்றி வந்திருந்தாள்.

"இருங்கடி, தாங்குதான்னு முதல்ல நான் பாக்குறேன்" என்று மகள்களை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு வலைக்குள் நுழைந்தாள். குதிக்கவில்லை. நடுவில் போய் மல்லாந்து படுத்தாள். கறுப்பு விரிப்பு அவளைத் தாங்கிக்கொண்டு, அவள் மூச்சோடு சேர்ந்து லேசாக ஏறி இறங்கியது.

"குதிம்மா!" என்றாள் சின்னவள்.

பொற்கொடியின் கண்கள் மூடியிருந்தன.

வீட்டுக்குள்ளிருந்து கணவனின் குரல் வந்தது. "பொற்கொடி, டீ என்னாச்சு?"

பெரியவள் வலையின் ஜிப்பைச் சத்தமில்லாமல் இழுத்து மூடினாள்.

"அம்மா இங்க இல்லப்பா!"