லிட்டருக்கு நாலரை

டீசல் திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க, முதலாளி கிருஷ்ணப்பன் அன்றைக்கு என் லாரியிலேயே ஏறி வந்தார்.

திருடன் நான்தான்.

பாப்பாரப்பட்டியில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பும்போது மணி பத்து. தர்மபுரி தாண்டும்வரை டீசல் முள்ளையே முறைத்துக்கொண்டு வந்தார். அந்த முள் செத்து மூன்று வருஷமாகிறது என்று நான் சொல்லவில்லை.

அவருக்கு நாலு லாரி. மற்ற மூன்று டிரைவர்களும் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் காட்டினார்கள். நான் நாலுதான் காட்டினேன். அந்த அரை எங்கே போகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

இறக்கங்களில் போகிறது. அதிலும் தொப்பூர் கணவாயில்.

மற்றவர்கள் மேட்டு உச்சியில் இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் தள்ளி, லாரியைச் சும்மா உருளவிட்டு இறங்குவார்கள். ஒரு சொட்டு செலவாகாது. மிச்சம் பிடித்ததில் பாதியை முதலாளிக்குக் காட்டிவிட்டு, மீதியைக் கேனில் பிடித்து ரோட்டோரத்தில் விற்றுவிடுவார்கள். நான் இரண்டாவது கியரில், இன்ஜின் கத்தக் கத்த, மெதுவாக இறங்குகிறவன்.

ஆக, திருடுகிறவன் கணக்கு நேராக இருந்தது. திருடாதவன் கணக்கு இடித்தது.

முதலாளி நாணயஸ்தர். சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவர். போன வாரம் பெட்ரோல் பங்க்கில் பத்துப் பேர் எதிரில் என்னைத் திருடன் என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போன என் மனைவி ராஜமேரி, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். அது எனக்கு ரொம்பவே வலித்தது.

கணவாய் தொடங்கும் இடத்தில் மஞ்சள் போர்டு நின்றது. இரண்டாவது கியரில் இறங்கவும். நான் லாரியை ஓரங்கட்டி, போர்டைக் காட்டினேன். முதலாளி அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார்.

“டீசல் கவர்மெண்டா ஊத்துது? எல்லாரும் எறங்கற மாதிரி எறங்குப்பா அருளு. இல்லன்னா சேலத்துல சாவியக் குடுத்துட்டு பஸ் ஏறிக்க.”

என் சிநேகிதன் சின்னப்பராஜும் எல்லாரும் இறங்கும் மாதிரிதான் இறங்கினான். போன வருஷம், இதே இடம். பள்ளத்திலிருந்து அவனையும் லாரியையும் மேலே தூக்க இரண்டு நாள் ஆயிற்று. அவன் மிச்சம் பிடித்த டீசலை மட்டும் முதல் நாளே யாரோ டேங்கிலிருந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் டீசல் திருடன் என்று பேர் வாங்கி, சாவியையும் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு, தர்மபுரி ஜில்லாவில் கட்டைவண்டிகூட யாரும் தரமாட்டார்கள். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

மாதாவே என்று சொல்லிக்கொண்டு நியூட்ரலில் தள்ளினேன். இன்ஜினை மட்டும் அணைக்கவில்லை; அணைத்தால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அந்த அளவுக்கு முதலாளி விசுவாசம் எனக்கு இல்லை.

முதல் வளைவுவரை முதலாளி முகத்தில் நல்ல சிரிப்பு. இன்ஜின் கத்தவில்லை, காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. டீசல் மிச்சமாகும் சுகத்தில் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்.

இரண்டாவது வளைவில் மூட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. கண்ணைத் திறந்தார்.

மூன்றாவது வளைவில் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் மிதிக்கும் பிரேக் போதாதென்று அவரும் காலைத் தரையில் வைத்து மிதித்தார்.

“கியரப் போடுய்யா! யோவ், கியரப் போடு!”

“இந்த வேகத்துல விழாதுங்க மொதலாளி.”

நிஜமாகவே விழவில்லை. இரண்டு தடவை முயன்று பார்த்தேன், கியர்ப் பல் நறநறத்ததோடு சரி. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். கருகல் வாடை கேபினுக்குள் வந்தது. எதிரே வந்த பஸ்காரன் எங்களைப் பார்த்ததும் வண்டியை மலையோரமாக ஒட்டி நிறுத்திவிட்டான். முதலாளி முருகனைக் கூப்பிட்டார். பிறகு பெருமாளைக் கூப்பிட்டார். கடைசி வளைவில் எங்கள் மாதாவையும் கூப்பிட்டார்.

யார் காப்பாற்றினார்களோ, அடிவாரத்தில் சமதரை வந்து லாரி நின்றது. எல்லாச் சக்கரத்திலும் புகை.

இறங்கி, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். கேனிலிருந்து தண்ணீர் கொடுத்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். ஒரு மனுஷனுக்குப் புத்தி வர இதற்கு மேல் என்ன வேண்டும்?

முகத்தைக் கழுவித் துண்டால் துடைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ திருடலப்பா, அருளு. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜமேரியிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

“நல்லாத்தான் எறக்கற. இனிமே இப்புடியே எறக்கு. நாலரை வந்துரும்.”

அதற்குள் சேலம் பஸ் ஒன்று வந்தது. கை காட்டி நிறுத்தினார். தான் இதிலேயே சேலம் போய்விடுவதாகச் சொன்னார். படியில் ஒரு காலை வைத்தவர், ஏதோ ஞாபகம் வந்து திரும்பினார்.

“வர்ற செவ்வாக்கெழம எங்க வூட்டு ஜனமெல்லாம் மேச்சேரி அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்க உன் லாரியிலதான் வராங்க. அன்னிக்கு மட்டும் ரெண்டாவது கியர்ல எறக்கு. டீசல் போனாப் போவுது.”